சாவி இல்லாத செடி

வியாழக்கிழமை, பகல் 12.10. கூடலூர் பேருந்து நிலையம். தை பிறந்து பத்து நாளாகியும் நீலகிரியில் பனி விட்டபாடில்லை. உச்சி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மடியில் மஞ்சள் பை, பைக்குள் இரண்டு படி விதைநெல். "பாண்டிக்கா போறீங்க டீச்சர்? கடல் பாக்கவா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். நெல் பார்க்கப் போகிறேன் என்றேன். மலையில் வயலை வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நெல் பார்க்கப் போகிறவளை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறர் எழுத்தில் பிழை கண்டால் கை சும்மா இருக்காது. பேருந்து நிலையத்துப் பலகையில் ஒற்று விட்டிருந்தால்கூடப் பேனாவை எடுத்துவிடுவேன். இந்தப் பழக்கத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. அதில் போடுவது பனிமுழுங்கி. எங்கள் வீட்டில் வழிவழியாக வைத்திருக்கும் நெல், பெயரும் வீட்டில் வைத்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு கார்த்திகையில் எதிர்பாராமல் கடுங்குளிர் இறங்கியது. அக்கம்பக்கத்தில் போட்டிருந்த புது ரகமெல்லாம் கதிரை நிமிர்த்திக்கொண்டு நின்றது. விளைந்த கதிர் தலை சாயும். நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பதர். என் வயல் மட்டும் தலை சாய்ந்தது. ஆனால் பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை. பனிமுழுங்கி ஏறக்குறைய ஏழு மாதப் பயிர். மார்கழி வரை வயலில் நின்று, தோளுயரம் வளர்ந்து, பாதி மண்ணில் சாய்ந்து, மீதியை யானைக்குக் கொடுத்துவிட்டுத்தான் களத்துக்கு வரும். அதனால் பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராக இஞ்சிக்குக் குத்தகை விட்டுவிட்டார்கள். என்னையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு போகம் பார்க்கலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருப்பதற்கு ஜோஸ்பின்தான் காரணம்.

ஜோஸ்பின் புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் மலைநெல் தேடி வந்து என் வீட்டில் இரண்டு நாள் தங்கி, ஒரு படி பனிமுழுங்கி வாங்கிப் போனாள். சமவெளியின் குறுகிய காலப் பயிர் ஒன்றோடு அதைச் சேர்த்து, நான்கு மாதத்தில் விளைகிற, குளிரிலும் பால் பிடிக்கிற நெல் வருமா என்று பார்ப்பது அவள் வேலை. போன வாரம் போன் செய்தாள். "புது விதை கொஞ்சம் வேணும் டீச்சர். நீங்களே கொண்டு வாங்க. உங்க நெல்லோட பேரப்பிள்ளைங்கள வந்து பாருங்க." குரலில் உற்சாகம் இல்லை என்று அப்போதே பட்டது.

மாலை 5.50. கோயம்புத்தூர். கூடலூரிலிருந்து ஊட்டி வழியாக நூற்று நாற்பது கிலோமீட்டர். கல்லாறு வந்ததும் காது அடைத்துத் திறந்தது, ஸ்வெட்டர் பைக்குள் போயிற்று. இரவு 8.30க்குப் புதுச்சேரி வண்டி, டிக்கெட் நானூற்று இருபது ரூபாய். பக்கத்து இருக்கையில் விழுப்புரத்துக்காரர் ஒருவர், மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் நெல் வாங்குகிறவராம். பையைப் பார்த்துவிட்டு ஒரு மணியைக் கேட்டு வாங்கிப் பல்லில் கடித்தார்.

"இன்னா நெல்லும்மா இது?"

"பனிமுழுங்கி."

"எங்க ஊருக்கு வெயில்முழுங்கி ஒண்ணு கண்டுபுடிச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். நானும் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, காலை 6.05. புதுச்சேரி. இறங்கியதும் ஈரத் துணியைப் போர்த்தியது மாதிரி காற்று. மிஷன் வீதிக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்டார், நூற்று இருபதுக்கு ஒத்துக்கொண்டார். பழக்கத்தில் ஸ்வெட்டரை மறுபடி மாட்டியிருந்தேன் போலிருக்கிறது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கேர்ந்தும்மா வர்றீங்க?"

"கூடலூர்."

"கடலூரா? இதோ இருக்குது இருபது கிலோமீட்டரு. அதுக்கா ஸ்வெட்டரு?"

கடலூர் இல்லை, கூடலூர் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். "அதான்மா, கடலூர்தான" என்றார். ஒரு நெடிலில் ஒரு மலையே காணாமல் போய்விட்டதே என்று எரிச்சலாக வந்தது.

ஜோஸ்பின் வீடு மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. சந்தின் முனையில் தமிழில் ஒரு பெயரும் பிரெஞ்சில் வேறொரு பெயரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு இல்லை என்பது அந்த ஊரில் யாருக்கும் உறுத்தவில்லை. ஜோஸ்பினின் அம்மா காப்பியும், நீள ரொட்டியை அரிந்து வெண்ணெய் தடவியும் கொடுத்தார். நான் கொண்டுபோன மலைத்தேன் பாட்டிலை வாங்கிக்கொண்டு "மெர்சி, மெர்சி" என்றார்.

"எங்க ஜோஸ்பின் லிசேல, பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சவ. நெல்லு மரத்துல காய்க்குதா செடியில காய்க்குதான்னு பத்தாவது வரைக்கும் தெரியாது. இப்ப பாருங்க, ராப்பகலா அதோடவே கெடக்கறா."

"அம்மா, போதும்" என்றாள் ஜோஸ்பின். மெலிந்திருந்தாள். மார்கழியில் டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அதனால் மட்டும் வந்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

காலை 9.20. அவள் ஸ்கூட்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பதினொரு கிலோமீட்டர். பிள்ளைச்சாவடியில் மீன்கூடைகளோடு பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தார்கள். அதைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஆராய்ச்சிக் கூடம். வலைக்கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தொட்டிகள். "குளிரே இல்லாத ஊர்ல உட்கார்ந்துகிட்டுக் குளிருக்கு ஆராய்ச்சியா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல குளிர் அது இஷ்டத்துக்கு வரும் டீச்சர். இங்க நான் கூப்பிட்டாத்தான் வரும்" என்று ஒரு கனமான கதவைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு டிகிரி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்பது போல இருந்தது. கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

ஜோஸ்பின் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நெல்லுக்குக் குளிர் ஆபத்தாவது கதிர் வெளியே வந்த பிறகு அல்ல, அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, கதிர் இன்னும் தண்டுக்குள் ஒளிந்திருக்கும்போது. மகரந்தத் தூள் உருவாகிற நேரம் அது. தூளுக்குச் சர்க்கரை ஊட்டி வளர்க்கும் மெல்லிய திசு ஒன்று இருக்கிறது. குளிர் வந்தால் அது ஊட்டுவதை நிறுத்திவிடுகிறது. தூள் பட்டினியில் செத்துப்போகும். வெளியே கதிர் அழகாக வரும், பூக்கும், மணி மட்டும் பிடிக்காது. பனிமுழுங்கி குளிரிலும் ஊட்டுவதை நிறுத்துவதில்லை.

"அதுக்கு ஒரு ஜீன்தான் காரணமா?"

"ஒண்ணுன்னா சுலபமா எடுத்திருக்கலாமே. நெல்லோட பன்னெண்டு குரோமோசோம்ல அங்கங்க சிதறி இருக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தாங்குது. அதுல முக்கியமான ஒண்ணு, லேட்டாப் பூக்க வைக்கிற ஜீனுக்குப் பக்கத்து வீட்லயே குடியிருக்கு. அதனால ரெண்டும் சேர்ந்தே பேரப்பிள்ளைங்களுக்குப் போயிடுது. குளிர் தாங்கினா ஏழு மாசம். நாலு மாசம்னா குளிர் தாங்காது."

அறுநூறு செடி வளர்த்தாளாம். உள்ளே கதிர் உருவாகித் தண்டு உருளும் பருவத்தில் ஒவ்வொன்றையும் இந்த அறையில் வைத்து, பிறகு வெளியே எடுத்து, கதிர் எவ்வளவு நிறைகிறது என்று பார்ப்பது திட்டம். இலையைக் கிள்ளித் தனியாகச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறாள். சோதனை முடிவு போன வாரம் வந்தது. அறுநூறில் ஒரே ஒரு செடியில் அந்த இரண்டு பக்கத்து வீடும் பிரிந்திருந்தது. 214ஆம் எண். சீக்கிரம் பூத்த செடி, குளிர் தாங்கும் பகுதியும் அதனிடம் இருக்கிறது.

"அப்புறமென்ன? கதிர் நிறைஞ்சிருக்கா?"

ஜோஸ்பின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். "தெரியல டீச்சர். கதிர் இருக்கற கவரையே காணோம்."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளில்தான் 214 முற்றியிருக்கிறது. அணில் தொல்லைக்குப் பயந்து, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை என்ற பெண் தனியாளாக அறுத்து உறையில் போட்டு வைத்துவிட்டார். செடியைப் பிடுங்கித் தொட்டியையும் கழுவியாயிற்று, அறுத்த தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிற மறுதாம்புக்கும் வழியில்லை. உறை கிடைத்தால்தான் அந்தச் செடியின் விதை. ஏப்ரலில் பத்து நாள் மட்டும் குளிர் அறையை ஜோஸ்பினுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு இந்தத் திங்கட்கிழமைக்குள் விதை முளைத்தாக வேண்டும். தவறினால் அறை வேறு குழுவுக்குப் போய்விடும், திட்டமும் முடியும், அவள் வேலையும் முடியும். என் வயலும் இஞ்சிதான்.

"அந்த அஞ்சலையையே கேக்கறதுதானே?"

"அக்கா லீவு. தங்கச்சி வீட்டு விசேஷம், நாளைக்குத்தான் வருவாங்க. போன்ல கேட்டேன். 'சாவி இல்லன்னு மேசை மேலயே போட்டு வெச்சேம்மா'ன்னாங்க."

விதை அலமாரியின் சாவி மார்கழியிலிருந்தே காணவில்லையாம். சாவி இல்லாததால் உறையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார் என்று ஜோஸ்பின் புரிந்துகொண்டாள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். பிறகு வேறு யாரோ சாவியோடு வந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். ஆக, இப்போது தேட வேண்டியது அலமாரிச் சாவி.

காலை 11 மணி. ஜோஸ்பின் பழைய உறைக் கட்டுகளை மறுபடி ஒரு சுற்றுப் புரட்டினாள். நான் சாவி டிராயரை எடுத்துக்கொண்டேன். அந்த டிராயரைப் பார்க்க வேண்டுமே! துருப்பிடித்த பூட்டுகள், பேட்டரி, நூல்கண்டு, பாதி தின்ற இருமல் மிட்டாய். அடியில் ஒரு பழுப்பு உறை. மேலே பென்சிலில், குண்டு குண்டாக, "சாவி இல்லை" என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சாவி இல்லை என்று எழுதி வைப்பதற்கு ஓர் உறையா? அதோடு, சாவி தமிழ்ச் சொல்லே இல்லை, போர்த்துகீசியர் விட்டுப்போனது. முப்பத்தோரு வருடம் எத்தனை நோட்டில் அதை அடித்திருப்பேன்! பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். "சாவி"யை அடித்து, மேலே "திறவுகோல்" என்று எழுதினேன். உள்ளே என்னவோ சரசரத்தது. காய்ந்த சருகு என்று நினைத்தேன். இல்லை என்று எழுதியிருக்கிறதை எதற்குப் பிரித்துப் பார்ப்பது? டிராயரைத் துப்புரவு செய்கிற வேகத்தில் மற்ற குப்பையோடு அதையும் கூடையில் போட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

பிற்பகல் 3.30. சாவி கிடைக்கவில்லை. முத்தியால்பேட்டையிலிருந்து பூட்டு ரிப்பேர்க்காரரை வரவழைத்தோம். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் பூட்டை உடைத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே பழைய பதிவேடுகள், ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மடித்த சாக்கு. ஜோஸ்பின் சாக்கைக்கூட உதறிப் பார்த்தாள். பிறகு அலமாரி முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை, காலை 8.45. நாங்கள் போனபோது அஞ்சலை தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாகூர்ப் பக்கம் ஊர், நாற்பத்தைந்து வயது. இரண்டு பஸ் மாறி வருகிறவர். விசேஷத்துக்கு வைத்த மருதாணி கையில் சிவந்திருந்தது. உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு, "இத ஏம்மா ஒடச்சீங்க?" என்றார்.

"சாவி இல்லக்கா. நீங்கதானே போன்ல சொன்னீங்க?" என்றாள் ஜோஸ்பின்.

"நான் அலமாரிய சொல்லலியே. கவுரு மேல சாவி இல்லன்னு எழுதி வெச்சனே, அத சொன்னேன்."

"கவர்ல எதுக்குக்கா சாவிய பத்தி எழுதினீங்க?"

"பின்ன எதப் பத்தி எழுதறது? கூட முத்துன மத்தது அம்புட்டும் சாவியா கெடந்துது. ஒண்ணு மட்டும் கதிரு தொங்கிச்சி, தொட்டுப் பாத்தா மணி கல்லு மாதிரி. அதான் தனியா போட்டு, சாவி இல்லன்னு எழுதனேன்."

ஜோஸ்பின் என்னைப் பார்த்தாள், நான் அஞ்சலையைப் பார்த்தேன்.

"சாவின்னா?" என்று கேட்டது நான்தான். தமிழாசிரியை.

"என்னா டீச்சரம்மா, சாவி தெரியாதா? பால் புடிக்காம செத்துப்போன நெல்லு. வெறுங்கூடு. எங்க பக்கம் மழ இல்லன்னாலும் சாவி, பூச்சி அடிச்சாலும் சாவி. வெள்ளாமயே சாவியா போச்சுன்னு சொல்லுவாங்களே?"

சாகிறது என்ற வினையிலிருந்து வந்த சொல். போர்த்துகீசியர் கப்பல் ஏறுவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டிய சொல். எங்கள் பக்கம் பதர் என்போம், இது என் காதில் விழுந்ததே இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாம் தெரிந்த ஜோஸ்பினுக்கும் விழுந்ததில்லை. மேசையைத் துடைத்த யாரோ அந்த எழுத்தைப் படித்துவிட்டு, பொறுப்பாக அதைச் சாவி டிராயரில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து அது எங்கே போயிற்று என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அந்த உறையை நான் பார்த்தேன். குப்பைக் கூடையில போட்டுட்டேன்" என்றேன். ஜோஸ்பின் காலியாகக் கிடந்த கூடையைக் குனிந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அஞ்சலைதான் முதலில் நகர்ந்தார். "குப்ப பின்னால குழியிலதான் கொட்டுவாங்க. திங்கக்கெழமதான் கொளுத்துவாங்க. வாங்க."

காலை 9.15. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இடுப்பளவுக் குழி. பழைய சாம்பல்மேல் சருகும் டீக் கோப்பையும் காகிதமுமாகக் கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். அறுபத்தொரு வயதில் குப்பைக்குழியில் இறங்குவேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அரை மணி நேரம் மூன்று பேரும் அள்ளி அள்ளிக் கொட்டினோம். இருமல் மிட்டாய் கிடைத்தது. பேட்டரி கிடைத்தது. பிறகு சருகுக்கு நடுவில் என் சிவப்பு மை தெரிந்தது. "திறவுகோல் இல்லை."

உறையின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. ஜோஸ்பின் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வெள்ளைத் தாள் விரித்துக் கொட்டினாள். உமித் துண்டுகள், பாதி மென்ற காம்பு, காம்பில் கட்டியிருந்த தகரச் சீட்டு. சீட்டில் 214. காம்பின் ஒரு பக்கத்தில் இன்னும் மணிகள் ஒட்டியிருந்தன. எண்ணினோம். இருபத்தாறு.

"எழுவது எம்பது இருந்துதும்மா" என்றார் அஞ்சலை மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது மணியை எலிக்குத் தின்னக் கொடுத்தவள் நான். அவர் சேலைத் தலைப்பால் என் கையிலிருந்த சாம்பலைத் துடைத்துவிட்டார். "உடுங்க டீச்சரம்மா. எலி சாவியத் தின்னாது. அது தின்னுச்சின்னாலே நெல்லு நல்ல நெல்லுன்னு அர்த்தம்."

ஜோஸ்பினுக்கு அப்போதுதான் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் இருபத்தாறும் உண்மையில் நிறைந்தவைதானா என்று அவளுக்குச் சந்தேகம். எடை பார்க்கிற கருவியை எடுக்கப் போனாள். அதற்குள் அஞ்சலை தன் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். எங்கள் ஊரிலும் விதையை இப்படித்தான் பார்ப்போம். பதராக இருந்தால் மிதக்கும்.

ஒவ்வொன்றாகப் போட்டார். முதல் மணி நீரில் பட்டு, ஒரு கணம் நின்று, நேராக அடிக்குப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழாவது மணி மட்டும் பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதுவும் இறங்கிவிட்டது. இருபத்தாறும் தம்ளரின் அடியில் கிடந்தன. பன்னிரண்டு டிகிரியில் நின்று வந்த செடியின் மணிகள்.

"சாவி இல்ல" என்றாள் ஜோஸ்பின், அந்தச் சொல்லை முதல்முறையாக அதன் பொருளோடு. தன் நோட்டில் 214க்கு எதிரே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியவள், நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே தமிழில் அதையும் எழுதினாள்.

அன்று மதியமே திரும்புவதாக இருந்தேன். முளைப்பதைப் பார்க்காமல் போக மனமில்லை. டிக்கெட்டைத் திங்கள் மாலைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஜோஸ்பினின் அம்மா என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனார். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் அலை மோதுவதை அரை மணி நேரம் பார்த்தேன். கடல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நினைப்பு முழுக்க ஈரத்துணியில் மூடி வைத்த இருபத்தாறு நெல்மேல்தான் இருந்தது. "நீங்களும் என் பொண்ணு மாதிரியே ஆயிட்டீங்க" என்றார் அந்த அம்மா.

திங்கட்கிழமை, காலை 9 மணி. துணியைப் பிரித்தோம். இருபத்து நான்கில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஆளுக்கு எட்டு என்று பிரித்துக்கொண்டு மூன்று பேரும் தொட்டிகளில் ஊன்றினோம். ஜோஸ்பின் அவசரப்படாதவள். ஒரு செடி ஒருமுறை நிறைந்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றாள். இவற்றிலும் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஏப்ரலில் மறுபடி குளிரில் நிற்க வேண்டும், நின்றவற்றின் பிள்ளைகளும் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு என் வயலில் நாலு வரிசை. அதற்கே இரண்டு மூன்று வருடம் ஆகும். இரண்டு மூன்று வருடம் இஞ்சிக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அஞ்சலையிடம் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உறைமேல செடியோட எண்ணை எழுதியிருக்கலாமே, அஞ்சலை?"

"நம்பரு உள்ளதான் கட்டியிருக்குதே. உள்ள இன்னா இருக்குதுன்னுதான வெளிய எழுதணும்?" என்றார். அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாலை 6.40. புதுச்சேரி பேருந்து நிலையம். ஜோஸ்பின் வழியனுப்ப வந்திருந்தாள். பாகூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அஞ்சலையும் வந்து நின்றார். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. கூடலூருக்குப் போனால் குளிர், எட்டு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர். இங்கே கைவிசிறியோடு ஊரே வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரை இந்தப் புழுக்கத்தில் வைத்து அளந்து கொடுக்க ஒருத்தி, அளந்ததை ஒரே பார்வையில் படித்துவிட இன்னொருத்தி. இடையில் அடித்துத் திருத்த வந்தவள் நான். இப்படி நினைத்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதுவும் இஞ்சிக்குத்தான் போகுமோ என்று வயலைப் பார்க்கும்போதெல்லாம் வந்த பயம் இப்போது இல்லை.

ஜன்னல் வழியாக அஞ்சலை கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"சித்திர மாசம் குளிர்ல நிக்கட்டும் டீச்சரம்மா. அறுத்து, கவுருல போட்டு, சாவின்னா சாவின்னு எழுதி வெக்கறேன். இல்லன்னா இல்லன்னு எழுதி வெக்கறேன். நீங்க வந்து பிரிச்சிப் பாருங்க."

"பிரிச்சுப் பார்க்கிறேன்" என்றேன்.